வலி எட்டாத உடம்பு

பவுலின் கடிதங்களில் படித்தவுடன் நெருடுகிற வசனம் ஒன்று உண்டு: கொலோசெயர் முதல் அதிகாரம், 24ஆம் வசனம். சிறையில் இருந்தபடி எழுதுகிறார். கொலோசெ சபைக்காகத் தான் படும் துன்பத்தில் சந்தோஷப்படுவதாகச் சொல்கிறார். அதோடு நிற்கவில்லை. கிறிஸ்துவின் பாடுகளில் இன்னும் குறைவாக நிற்பதை, சபையாகிய அவருடைய உடலுக்காகத் தன் உடம்பில் ஈடுகட்டுவதாகவும் எழுதிவிடுகிறார்.

கிறிஸ்துவின் பாடுகளில் குறைவா? சிலுவையில் எல்லாம் செய்து முடிக்கப்பட்டது என்று ஞாயிறு பள்ளியிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் கால் இடறத்தான் செய்யும். ஆனால் பவுலே அடுத்த அதிகாரத்தில் நம் கடன்சீட்டு சிலுவையில் அறையப்பட்டு ரத்தாகிவிட்டது என்கிறார். ஆகவே மீட்பில் மிச்சம் வைத்துவிட்டார் இயேசு என்பது அவர் கருத்தாக இருக்க முடியாது. இடைக்காலத்தில் புனிதர்களின் பாடுகளைப் புண்ணியக் கையிருப்பாகக் கருதியவர்கள் இந்த வசனத்தைத் துணைக்கு அழைத்தார்கள். சீர்திருத்தவாதி கால்வின் அதைக் கடுமையாக மறுத்தார். 1984இல் போப் இரண்டாம் யோவான் பவுல் மனிதத் துன்பத்தைப் பற்றி எழுதிய நீண்ட மடல் இந்த வசனத்தில்தான் தொடங்குகிறது. நூற்றாண்டுகளாகத் தீராத விவாதம் இது.

எங்கள் ஊர்ப் பக்கம் இது இறையியல் கல்லூரிக்குள் மட்டும் நடக்கிற விவாதம் அல்ல. என் அத்தை ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் லைனில் வேலை பார்த்தவர். காலையில் கம்பெனி வேன் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு. வருஷக்கணக்காக மெஷின் முன்னால் குனிந்தே இருந்ததில் வலது தோள் இறுகிப்போய், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போனது. தலை வாரவும் ஆள் வேண்டும். வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஊழியர் ஒருவர் இந்த வசனத்தை எடுத்துப் பேசினார். கிறிஸ்துவின் பாடுகளில் அத்தைக்குப் பங்கு கிடைத்திருக்கிறது, முறுமுறுக்காமல் சுமக்க வேண்டும் என்றார். அத்தை தலையாட்டினார். ஊழியர் போன பிறகு என்னைப் பார்த்து, "ஏம்பா, எனக்குத் தோளு நோவுனா சபைக்கு இன்னாப்பா ஆவப்போவுது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது வேலூர் மருத்துவ வரலாற்றிலிருந்து.

கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். சில மாதங்களில் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே ஒரு நோயாளியின் மடங்கிப்போன விரல்களுக்குள் தன் கையைக் கொடுத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். செயலற்றது என்று எல்லோரும் நினைத்த கை, அவரே வலி தாங்காத அளவுக்குப் பிடித்தது. அப்படியானால் தசையில் நல்ல பலம் இருக்கிறது. இந்தக் கைகளை மீட்க முடியும். அங்கிருந்து தொடங்கியதுதான் தசைநாண்களை இடம் மாற்றி விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொழுநோய் ஆய்வு, பயிற்சி மையமும் உருவானது.

பிராண்டும் அவருடைய குழுவினரும் கண்டுகொண்ட பெரிய உண்மை வேறொன்று. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை. கிருமி நரம்பைத் தாக்குகிறது, வலி செத்துப்போகிறது. வலி இல்லாததால் கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகிறார்கள், ஆணி தைத்த காலோடு நடக்கிறார்கள். இரவில் எலி கடித்தாலும் தூக்கம் கலைவதில்லை. ஒருமுறை துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறியபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். எப்படி இவ்வளவு பலம் என்று பார்த்தால் தரையில் ரத்தத் துளிகள். சாவி அவன் விரலை எலும்பு தெரியும்வரை கிழித்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. வலி என்பது கொடை என்று பிற்காலத்தில் பிராண்ட் எழுதியது இத்தகைய அனுபவங்களால்தான். கால் புண்ணாகாமல் காக்க எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பரில் செருப்புச் செய்து கொடுத்ததும் இதனால்தான். கால் உணராததை அந்தச் செருப்பு பார்த்துக்கொண்டது.

உறுப்பின் வலி உடம்புக்கு எட்டுவதைப் பற்றிப் புனித அகுஸ்தீனும் பேசியிருக்கிறார். பவுல் இன்னும் சவுலாக இருந்தபோது தமஸ்கு சாலையில் அவருக்குக் கேட்ட குரல், சீடர்களை ஏன் துன்புறுத்துகிறாய் என்று கேட்கவில்லை. என்னை ஏன் துன்புறுத்துகிறாய் என்று கேட்டது. பரலோகத்தில் இருப்பவரை யார் அடிக்க முடியும்? அகுஸ்தீன் விளக்குகிறார்: நெரிசலில் ஒருவன் காலை மிதித்தால், மிதிபடாத நாக்குதான் 'என்னை மிதித்துவிட்டாய்' என்று கத்துகிறது. தலையாகிய கிறிஸ்து பட வேண்டியதைப் பட்டு முடித்தார். பூமியில் இருக்கும் அவருடைய உடல் இன்னும் பட்டுக்கொண்டிருக்கிறது. அந்த வலி தலைக்கு எட்டுகிறது.

அகுஸ்தீன் சொன்னதோடு வேலூர் காட்டியதைச் சேர்த்துப் பார்க்கிறேன். கால் மிதிபட்டும் நாக்கு கத்தாத உடம்பும் உண்டு. உறுப்பு கெடுவதற்கு அதுவே போதும். கிறிஸ்துவின் பாடுகளில் குறைவாக நிற்பது எது என்ற கேள்விக்கு என் வாசிப்பு இதுதான்: குறைவு சிலுவையில் இல்லை, உடலில் இருக்கிறது. ஓர் உறுப்பு படும் பாடு மற்ற உறுப்புகளுக்கு எட்டாமல் நிற்கிறதே, அதுதான் குறைவு. பவுல் அதைத் தன் உடம்பில் ஈடுகட்டினார். கொலோசெ சபையாரில் பலர் அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அதை அவரே அந்தக் கடிதத்தில் சொல்கிறார். முகம் தெரியாதவர்களுக்காக அவருக்கு வலித்தது.

இந்த வாசிப்போடு நம் தோல் தொழில் பகுதியைப் பார்த்தால் மனம் நிம்மதியாக இருக்காது. 2015 ஜனவரி 31, சனிக்கிழமை விடியுமுன் ராணிப்பேட்டை சிப்காட் வட்டாரத்தில் தோல் கழிவுகளைச் சுத்திகரிக்கும் நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் அந்தக் கசட்டில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பாலாற்றையும் கிணறுகளையும் தோல் கழிவு கெடுத்த வழக்கில், கெடுத்தவரே ஈடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதற்குப் பிறகும் இது நடந்தது. இறந்தவர்களின் ஊர் வேறு, மொழி வேறு, சமயம் வேறு என்று நமக்கு வலிக்காமல் போனால், குறைவு நம்மிடம்தான். நல்ல சமாரியனின் கதையைச் சொன்னவருடைய உடல் என்று பெயர் வாங்கியிருக்கிற நாம், உறவு பார்த்து வலியை உணர முடியாது.

இந்த வசனத்தைக் கையாளுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. பவுல் தன் உடம்பைப் பற்றித்தான் பேசுகிறார். அடுத்தவர் தோளில் பாரத்தை ஏற்றி, சுமந்துகொண்டு போ என்று இந்த வசனத்தில் அவர் சொல்லவில்லை. வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அந்த விபத்தை யாரும் வரம் என்று சொல்லிவிட முடியாது. அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். தன்னைப் போல் முடங்கியவர்கள் மறுபடி எழுந்து வாழ, 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறந்தார். தன் வலியை வைத்து இன்னொருவருடைய வலியைப் புரிந்துகொண்டவர் அவர். அவருடைய வாழ்க்கையைக் காட்டி, நீயும் பொறுத்துக்கொள் என்று இன்னொரு நோயாளியிடம் சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

அத்தைக்கு விடை சொன்னது பிரசங்கம் அல்ல. அதே லைனில் வேலை செய்த, அதே சபையைச் சேர்ந்த அக்கா ஒருவர், சூப்பர்வைசரிடம் பேசி அத்தையை ஃபோல்டிங் மேசைக்கு மாற்றவைத்தார். அத்தையின் மெஷினில் தான் உட்கார்ந்தார். லீவு போட்டு இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கும் கூட்டிப்போனார். 'எனக்குத் தோள் வலித்தால் சபைக்கு என்ன ஆகும்' என்று அத்தை கேட்டாரே, சபைக்கும் வலிக்க வேண்டும். வலித்தால் சும்மா இருக்க முடியாது. கை நீளும், வாய் திறக்கும். அந்த அக்கா மட்டும் மாற்றி மாற்றிச் சுமந்து தீர்க்கக்கூடிய பாரமும் அல்ல இது. கம்பெனி முதலாளிக்கும், தொழிற்சாலை ஆய்வாளருக்கும், சபைக் கமிட்டிக்கும் எட்டவேண்டிய வலி.

ஆகவே நோயாளி வீட்டுக்கு ஜெபிக்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. கொலோசெயர் 1:24ஐ அவர்களிடம் வாசிக்காதீர்கள். போகும் வழியில் உங்களுக்கே வாசித்துக்கொள்ளுங்கள். அங்கே போனதும் முதலில் கேளுங்கள்: எங்கே வலிக்கிறது, எதனால் வந்தது, யாரிடம் பேச வேண்டும், நான் என்ன செய்யட்டும்? ஜெபம் அதற்குப் பிறகு இருக்கட்டும்.