பாரன் சமெடியின் சிரிப்பு

டிரினிடாடில் பிறந்த ஜெஃப்ரி ஹோல்டர் (1930–2014) நடனக்காரர், ஓவியர், நடிகர். ‘தி விஸ்’ நாடகத்துக்காக 1975இல் இயக்கம், ஆடை அமைப்பு இரண்டுக்கும் டோனி விருது பெற்றவர். பன்முகத் திறமை என்பதோடு அவரைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு உறுத்துவது வேறு.

1967இல் ஆல்வின் எய்லியின் குழுவுக்காக ‘தி ப்ராடிகல் பிரின்ஸ்’ நடனத்தை அமைத்தார். இசையும் ஆடைகளும்கூட அவருடையவைதான். ஹைட்டியின் ஓவியரும் வூடூ பூசாரியுமான ஹெக்டர் இப்போலித் பற்றியது அது. வூடூ அங்கே தரிசனம். ஆறு வருஷம் கழித்து, ‘லிவ் அண்ட் லெட் டை’ என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தில், அதே மதத்தின் இடுகாட்டுத் தெய்வமான பாரன் சமெடியாக, முகத்தில் வெள்ளை பூசி, வில்லனின் ஆளாக வருகிறார். சமெடி குழி தோண்ட மறுத்தால் சாகக் கிடப்பவன் பிழைத்துக்கொள்வான் என்பது ஹைட்டியரின் நம்பிக்கை. படத்தில் மிஞ்சியது பயம் மட்டும்.

வயிற்றுப்பாடு என்று சொல்லிவிடலாம். ஆனால் படத்தின் நடனங்களை அமைத்தவரும் அவரே. தெரியாமல் செய்தார் என்பதற்கு இடமில்லை. தெரிந்தவன் செய்வதுதான் பெரிய துரோகம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். படத்தை மறுபடி பார்த்தபோது அவ்வளவு நிச்சயமாக இருக்க முடியவில்லை. மற்றவர்கள் கதைக்குக் கட்டுப்பட்டு நடமாடுகிறார்கள். இந்த நெடிய உடம்பு வேறெதற்கோ கட்டுப்பட்டு ஆடுகிறது. பாம்புகள் நிறைந்த சவப்பெட்டியில் தள்ளிக் கதை அவரைத் தீர்த்துக்கட்டுகிறது. கடைசியில் ரயிலின் முகப்பில் உட்கார்ந்து சிரிக்கிறார். படம் அதற்கு விளக்கம் தருவதில்லை.

இதனால் அவரை விடுவித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பயந்தவர்களில் இப்போலித்தின் நடனத்தையும் பார்த்தவர்கள் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள்.