பிள்ளைகளிடம் நாம் பட்ட கடன்

பிறர் உயிரைக் காக்கத் தாம் துன்பம் ஏற்பது அறம். அத்துன்பத்தை, மறுத்துரைக்கும் வயதில்லாத குழந்தையின் மேல் நாம் சுமத்தினால், அதன்பின் நமக்குரிய கடமை யாது? கொரோனாப் பெருந்தொற்று ஓய்ந்த பின்னும் இவ்வினா ஓயவில்லை.

தமிழகத்தில் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. இந்நோயால் உயிரிழக்கும் ஆபத்து சிறார்க்கு மிகக் குறைவு; முதியோர்க்கே மிகுதி. ஆகவே, எழுபதைக் கடந்த நம் போன்றோரின் பொருட்டே பிள்ளைகள் பெரிதும் வீட்டில் அடைபட்டனர் எனலாம். அன்றைய நிலையில் பள்ளிகளை மூடியதைக் குறைகூறுவதற்கில்லை. அதன் விலையைக் கணக்கிடாதிருப்பதே குறை.

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்புகளை எண்ணிப் பாருங்கள். ஓரறை வீடு, ஒரே கைப்பேசி, அதுவும் தந்தையுடன் ஆலைக்குச் சென்றுவிடும். கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது உண்மையே. ஆயினும், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ இந்தியோ பேசும் எல்லைப்புறப் பிள்ளை தன் ஐயத்தை யாரிடம் கேட்கும்? 2020இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, வகுப்பறையில் முதன்முதலாக அமர்ந்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது. கைபிடித்து எழுதப் பழக்கும் பருவம் தப்பினால் பின்னர் பன்மடங்கு உழைப்பு வேண்டும் என்பதை ஆசிரியப் பணியில் நாம் கண்டிருக்கிறோம்.

இழப்பு எழுத்தோடு நிற்கவில்லை. சத்துணவுக்கு ஈடாக வழங்கப்பட்ட அரிசியும் பருப்பும் குடும்பம் முழுவதற்குமான உலையில் கலந்தன. சிறுமியர் திருமணம் நெடுநாளாக வேரூன்றிய மாவட்டம் கிருஷ்ணகிரி. ஒரு மாணவி சில நாள் வாராவிடில் ஆசிரியரை ஐயுறச் செய்வது வருகைப் பதிவேடு. பள்ளியுடன் அப்பதிவேடும் மூடிற்று.

அரசு 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’யையும், 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தையும் தொடங்கியது. முன்னதைத் தாங்கி நடத்தியோர் அந்தந்தப் பகுதியின் தன்னார்வலர்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அரசு தொடங்கிவிட்டது என்பதால் நம் பங்கு தீர்ந்துவிடாது.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நால்வகை என்போம். பின்தங்கிய பிள்ளை ஒன்றை நாள்தோறும் ஒரு மணி நேரம் அருகிலமர்த்திப் படிக்கச் செய்தல் சாத்திர தானம் போலத் தோன்றும். நம் கருத்தில் அது தானமன்று, கடன். தானம் செய்வோர் புண்ணியத்தை எதிர்பார்க்கலாம். பட்ட கடனைத் தீர்ப்போர்க்கு அவ்வுரிமை இல்லை. அன்று அரிச்சுவடியைத் தவறவிட்ட பிள்ளைகள் இன்று மேல்வகுப்புகளில் இருக்கின்றனர். அவர்கள் படிப்பை விட்டு ஆலை வாயிலில் நிற்கும் முன்னரே அக்கடனைத் தீர்ப்போமாக.