அன்பு பூட்டிய விலங்கு

"ஓடாதே, ஒடிந்துவிடும்! நிற்காதே, நொறுங்கிவிடும்!"

பகைவன் விடுத்த மிரட்டலன்று இது. பெற்றவள் அன்பால் கூறும் மொழி! எலும்பு எளிதில் முறியும் நோயுடன் பிறந்த குழந்தைகள் இம்மொழியைக் கேட்டே வளர்கின்றனர். ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா என மருத்துவ உலகம் அழைக்கும் இந்நோய், ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்றில் காணப்படுகிறது.

முற்பிறவிப் பாவமாம்! இது வைதிகம் தரும் விளக்கம். தாய் செய்த தவறாம்! இது ஊர் சுமத்தும் பழி. இரண்டும் பொய். எலும்புக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதத்தை ஆக்கும் மரபணுவில் நேரும் பிழையே பெரும்பாலும் காரணம். பெற்றோர் இருவரும் நலமாக இருக்க, குழந்தையிடம் அப்பிழை புதிதாகத் தோன்றுவதும் உண்டு. இதில் பாவம் எங்கே? பழி எங்கே?

விதி பேசுவோரை விடுங்கள். அன்பு பேசுவோரைக் கேட்போம்: காப்பதற்காகவே ஆயினும், ஒரு குழந்தையை அசையாமல் கிடத்துவது அறமாகுமா?

எலும்பு கல்லன்று; உயிருள்ள பொருள். சுமையைத் தாங்கினால் வலுப்பெறும். சுமை நீங்கினால் மெலியும். விண்வெளியில் எடையின்றி மிதந்த வீரர்களின் எலும்புகளே அடர்த்தி குறைந்தன எனில், கட்டிலிலேயே கிடக்கும் குழந்தையின் நிலை என்ன? முறிவு, அதற்குக் கட்டு, கட்டினால் அசைவின்மை, அசைவின்மையால் நலிவு, நலிவினால் மீண்டும் முறிவு! காப்பதாக எண்ணிக் கிடத்துகிறோம். கிடத்தியதாலேயே மேலும் நலியச் செய்கிறோம்.

அறிவியல் கைகட்டி நிற்கவில்லை. வளைந்த எலும்பைத் துண்டுகளாக்கி, நிமிர்த்தி, உலோகக் கம்பியில் கோக்கும் முறையை 1959இல் சோஃபீல்டும் மில்லரும் வெளியிட்டனர். குழந்தை வளர வளரத் தாமும் நீளும் கம்பிகள் பின்னர் வந்தன. பாமிட்ரோனேட் என்னும் மருந்தைக் கடும் நோயுற்ற 30 குழந்தைகளுக்கு அளித்த கனடா நாட்டு மருத்துவர் குளோரியூ குழுவினர், அவர்களுள் 16 பேரின் நடமாட்டம் மேம்பட்டதை 1998இல் அறிவித்தனர். நீர் உடலைத் தாங்க, நீரினுள் செய்யும் பயிற்சியும் தசைக்கு வலுவூட்டுகிறது.

எல்லாக் குழந்தையும் நடந்துவிடும் என்று நான் கூறவில்லை. நடந்தால்தான் வாழ்வு என்பதும் மற்றொரு மூடநம்பிக்கையே! சக்கர நாற்காலியில் சென்று நூலகக் கதவைத் தானே திறக்கும் சிறுமியும் தன் விருப்பப்படி இயங்குகிறாள். நமக்கு வேண்டுவது அந்த விடுதலை.

தாயின் அச்சம் பொய்யன்று. முறிவின் வலியை இரவெல்லாம் அருகிருந்து கண்டவள் அவள். ஆகவே எச்சரிக்கை வேண்டும். மருத்துவர் வழிகாட்டலும் வேண்டும். ஆனால் சிறை வேண்டாம். ஆபத்து முழுவதையும் அவள் தலையில் சுமத்திவிட்டு, "ஏன் அஞ்சுகிறாய்?" என்று கேட்கும் தகுதி சமுதாயத்துக்கு இல்லை.

"விழுந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்டுச் சேர்க்கையை மறுக்கும் பள்ளிகள் உண்டு. விழாமலே, கல்லாமலே, ஒரு வாழ்வு வீணானால் யார் பொறுப்பு? அரசு நிதியோ ஏற்போ பெற்ற பள்ளிகள் வேறுபாடின்றிச் சேர்க்க வேண்டும், கட்டடத்தை எளிதில் அணுகத்தக்கதாக்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். படியருகே ஒரு சாய்தளம், வழுக்காத தரை, கீழ்த்தளத்தில் ஒரு வகுப்பறை. இவை கருணையல்ல, கடன்!

தோழர்களே, அக்குழந்தையைக் கண்டு கண்ணீர் சிந்துவது எளிது. சாய்தளம் கட்டச் சிமெண்ட் வேண்டும். கண்ணீரைக் குறைத்துச் சிமெண்டைக் கொணர்வோம்!