புகையைச் சேர்த்து வைத்த பள்ளிவாசல்

இஸ்தான்புல்லின் சுலைமானியே பள்ளிவாசலுக்குள் நுழைகிறவர்கள் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். 53 மீட்டர் உயரக் குவிமாடம்; பார்க்காமல் எப்படி? அப்படியே திரும்பி, நீங்கள் வந்த வாசலின் மேற்பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். 1550-களில் சுல்தான் சுலைமானுக்காக இதைக் கட்டிய சினான், நூற்றுக்கணக்கான எண்ணெய் விளக்குகளின் புகை சுவரெல்லாம் அப்பிவிடாமல், வாசலுக்கு மேலுள்ள ஓர் அறைக்குப் போய்ச் சேரும்படி காற்றோட்டத்தை அமைத்தார். அங்கே படிந்த கரியைச் சுரண்டியெடுத்து, எழுத்துக் கலைஞர்களுக்கு மை கூட்டினார்கள். விளக்குக் கரியில் கண்மை செய்த நம் பாட்டிமாருக்கு இதை விளக்க வேண்டியிருக்காது.

தொழுகை வேளையில் சுற்றுலாப் பயணிகளுக்கு உள்ளே இடமில்லை. சிலர் முணுமுணுப்பார்கள், விருந்தாளிக்கு அது அழகல்ல. அந்த நேரத்தில் பின்பக்கத் தோட்டத்துக்குப் போனால் சுலைமானின் கல்லறை மண்டபம் இருக்கிறது. அதைப் பார்த்த கையோடு மதிலுக்கு வெளியே நடந்தால், தெருமுனையில் சினானின் கல்லறை. சிறியது, தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குள் தொழுகை முடிந்திருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாம்.