பொற்கோயிலில் கேமரா: விழுமியங்களைப் படம் பிடித்தல்

கேன்டிட் புகைப்படம் என்பது ஒருவரை நிற்கவைத்து, சிரிக்கச் சொல்லி எடுப்பதல்ல. அவர் தம் வேலையில் ஆழ்ந்திருக்கையில் அதைக் கலைக்காமல் எடுப்பது. 1920களின் பிற்பகுதியில் ஜெர்மனியைச் சேர்ந்த எரிக் சாலமன், குறைந்த வெளிச்சத்திலும் படமெடுக்கக்கூடிய எர்மனாக்ஸ் கேமராவுடன் நீதிமன்றங்களிலும் அரசியல் மாநாடுகளிலும் ஃப்ளாஷ் இல்லாமல் படமெடுத்தார். 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா, கேமராவைக் கையடக்கமாக்கியது. அதைக் கொண்டு பிரான்சின் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் இந்த முறையைக் கலையாக வளர்த்தார். 1948இல் ஸ்ரீநகரின் ஹரி பர்பத் குன்றில் முஸ்லிம் பெண்கள் தொழுவதை அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அதில் பெண்களின் முதுகுப்புறமே தெரிகிறது. ஒருத்தி கைகளை ஏந்தி நிற்கிறாள். அந்தப் படத்தின் பக்திக்கு முகம் தேவைப்படவில்லை.

புனிதத் தலத்தில் எதைப் படமெடுப்பது என்ற கேள்விக்கு இதில் ஒரு விடை இருக்கிறது. கண்ணீரும் பரவசமும் உணர்ச்சிகள், முகத்தில் தெரிபவை. சமத்துவம், தொண்டு, பணிவு, பகிர்தல் ஆகிய விழுமியங்கள் அப்படி முகத்தில் தெரிவதில்லை. ஒருவர் இன்னொருவருக்கு ஒன்றைச் செய்யும்போதுதான் அவை கண்ணுக்குப் புலனாகும். எனவே விழுமியத்தைக் காட்டும் படத்தில் பெரும்பாலும் இருவராவது இருப்பார்கள். இல்லையேல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் ஒரு பொருளாவது இருக்கும்.

இதற்கு அமிர்தசரஸ் பொற்கோயிலைவிடப் பொருத்தமான இடம் அரிது. 1604இல் சீக்கியரின் புனித நூல் இங்கே நிறுவப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மகாராஜா ரஞ்சித் சிங் கோயிலுக்குப் பொன்தகடு வேய்ந்தார். தங்கம் வழக்கமான படங்களுக்கு உதவும். விழுமியத்தைத் தேடுபவர் பார்க்க வேண்டியது கோயிலின் அமைப்பை. நான்கு திசைகளிலும் வாசல்கள் உள்ளன. எவரும் எப்பக்கமிருந்தும் வரலாம். உள்ளே செல்லப் படியேறுவதில்லை, படியிறங்க வேண்டும். காலைக் கழுவி, தலையைத் துணியால் மூடிய பிறகே எல்லாரும் நுழைகிறார்கள். அமைச்சரும் ரிக்‌ஷாக்காரரும் தலைத்துணியோடு ஒரே தளத்தில் நடக்கும் இந்தக் காட்சியே சமத்துவத்தின் முதல் படம்.

இரண்டாவது இடம் காலணிக் கூடம். பக்தர்களின் செருப்புகளை வாங்கி வைத்து டோக்கன் கொடுப்பவர்களில் பலர் சேவைக்காக வந்த தொண்டர்கள். தூசியைத் துடைத்துத் தருபவர்களும் உண்டு. இங்கே படத்துக்குரிய பொருள், ஒரு செருப்பின்மீது இருவரின் கைகள் சந்திக்கும் கணம்.

மூன்றாவது இடம் லங்கர் எனப்படும் பொதுச் சமையற்கூடம். குரு நானக்கிடம் தொடங்கிய இவ்வழக்கத்தை மூன்றாம் குரு அமர்தாஸ் உறுதிப்படுத்தினார். முதலில் பந்தியில் அமர்ந்து உண்ண வேண்டும், பிறகே குருவைக் காணலாம் என்பது அவர் வகுத்த நெறி. இன்றும் எல்லாரும் தரையில் வரிசையாக அமர்ந்து பருப்பும் ரொட்டியும் உண்கிறார்கள். ரொட்டியை இரு கைகளையும் ஏந்தி வாங்குவது மரபு. பரிமாறுபவர் குனிய, உண்பவர் கையேந்துகிறார். நின்றபடி மேலிருந்து எடுத்தால் இதே காட்சி ஏழைக்குப் பிச்சையிடுவதுபோல் தெரியும். தரையில் உட்கார்ந்து எடுத்தால்தான் விருந்தாகத் தெரியும். கேமரா இருக்கும் உயரம் படத்தின் பொருளையே மாற்றிவிடுகிறது.

அடுத்திருக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிகளில் தோளோடு தோள் நின்று பலர் எஃகுத் தட்டுகளைத் தேய்க்கிறார்கள். யார் என்ன தொழில் செய்பவர் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. திருக்குளத்தைத் தூர்வாரும் கார் சேவை போன்ற நிகழ்வுகள் அபூர்வம்; 1923, 1973, 2004 ஆகிய ஆண்டுகளில் அது பெரும் மக்கள் திரளோடு நடந்தது. தட்டு கழுவுதல் அன்றாடம் நடக்கிறது. விழுமியம் பழக்கமாகிப் போன இடத்தைக் காட்டுவதால், அன்றாடக் காட்சிக்கே மதிப்பு அதிகம்.

தொழில்நுட்பம் இந்த நோக்கத்துக்கு அடங்கியிருக்க வேண்டும். 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். நீண்ட டெலி லென்ஸ் தொலைவில் ஒளிந்திருந்து எடுக்க இடம் தரும். குறுகிய லென்ஸ் எடுப்பவரையும் கூட்டத்தில் ஒருவராக்கும். ஃப்ளாஷ் வேண்டாம். மின்னணு ஷட்டரில் ஓசை எழாது. பகலில் வெண்பளிங்குத் தளம் ஒளிமானியை ஏமாற்றிப் படத்தைச் சாம்பல் நிறமாக்கும். வெளிச்ச அளவை ஒரு படி கூட்டினால் பளிங்கு வெண்மையாகத் தெரியும். பொன்தகடு வெயிலில் வெளிறிப் போவதால் விடியற்காலையும் அந்தி நேரமும் நல்லவை. லங்கர் கூடத்தில் ஐஎஸ்ஓ 1600க்கு மேல் வைத்து, ஷட்டர் வேகம் நொடியில் 125இல் ஒரு பங்குக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் அசையும் கைகள் தெளிவாக விழும்.

ஆயினும் கேன்டிட் முறையில் ஒரு முரண் இருக்கிறது. அறியாமல் எடுத்தால்தான் இயல்பு கிடைக்கும். அறியாமல் எடுப்பதோ பிறர் தனிமையில் கைவைப்பது. மறைந்திருக்காமல் இருப்பதே இதற்குத் தீர்வு. கேமரா கையில் தெரிய நெடுநேரம் ஓரிடத்தில் இருந்தால் மக்கள் பார்த்துப் பழகி, மறந்து, தம் வேலைக்குத் திரும்புவார்கள். முதலில் ஒரு மணி நேரம் தட்டு கழுவிவிட்டுப் பிறகு கேமராவை எடுப்பவருக்கு அங்குள்ளவர்களின் நம்பிக்கையும் கிடைக்கும், எந்தக் கணம் முக்கியம் என்பதும் தெரியும். எடுத்த படத்தை உரியவரிடம் காட்டுவதும், அவர் விரும்பாவிட்டால் அழிப்பதும், குழந்தைகளுக்குப் பெற்றோரிடம் அனுமதி கேட்பதும் கட்டாயம். குளத்தில் நீராடுபவரையும் துயரத்தில் அழுபவரையும் எடுக்கவே கூடாது.

தலத்தின் விதி எல்லாவற்றுக்கும் மேலானது. பொற்கோயிலின் உள் சன்னதியில் படமெடுக்கத் தடை உண்டு. குளத்தைச் சுற்றிய பிரகாரத்திலும் விதிகள் காலப்போக்கில் இறுகியுள்ளன. எனவே கேமராவைத் திறக்குமுன் அங்கு பணியில் இருக்கும் சேவாதார்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தமிழகக் கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதற்கும், வழிபாட்டுக்கு இடையூறு நேரக் கூடாது என்ற இதே கவலைதான் காரணம்.

படத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் குறிப்பு எழுதுவதிலும் அதே நெறி தொடர வேண்டும். செருப்புத் துடைப்பவர் கோடீஸ்வரர் என்று எழுதினால் படம் பரபரப்பாகும். ஆனால் யாரென்று சொல்லிக்கொள்ளாமல் செய்வதுதான் சேவை. அந்த ஒரு வரி அவரை மீண்டும் பணக்காரராக்கி, அருகில் துடைப்பவரை ஏழையாக்கிவிடும். இடம், நேரம், செயல் ஆகிய மூன்றும் குறிப்புக்குப் போதும்.

பணிவைக் காட்டும் படத்தைப் பணிவில்லாமல் எடுக்க முடியாது. பிறர் வழிபாட்டைத் தள்ளி நிறுத்திவிட்டு எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அது தான் காட்ட வந்த விழுமியத்துக்கு எதிரான சாட்சியே.