காட்சியும் கண்ணோட்டமும்: மலைநாட்டுச் சுற்றுலாவை முன்னிறுத்திய ஓர் அறவியல் நோக்கு

மனிதன் உண்பதற்கும் உழைப்பதற்கும் மட்டுமன்றிக் காண்பதற்காகவும் வீட்டை விட்டுப் புறப்படுகின்றான். ஒரு காலத்தில் தலயாத்திரையும் திருவிழாவும் இவ்வேட்கையைத் தணித்தன. இன்று அவற்றோடு சுற்றுலாவும் சேர்ந்துள்ளது. அமெரிக்க நாட்டில் பொஸ்ரன் நகரின் பென்வே பார்க் போன்ற பழைய பேஸ்போல் மைதானங்களைக் காண்பதற்கென்றே நெடுந்தூரம் மோட்டார் வண்டியிற் செல்வோர் உளர். 1912ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அம்மைதானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அயலிலுள்ள காட்சியிடங்களையும் கண்டு திரும்புவது அவர்தம் வழக்கம். கிரிக்கெட்டைத் தனதாக்கிக்கொண்ட நமது நாட்டில், கண்டிக்கு அண்மையில் 2009இல் திறக்கப்பெற்ற பல்லேகலை மைதானம் அத்தகையதோர் இடத்தைப் பெற்று வருகின்றது. அதனைப் பார்த்துவிட்டு மலையேறி, தேயிலைத் தோட்டங்களையும் நுவரெலியாவையும் காண்பது நம்மவரின் பயணத்திட்டங்களுள் ஒன்றாகிவிட்டது.

இப்பயணம் ஓர் அறவியல் வினாவைத் தன்னுள் அடக்கியுள்ளது. ஒருவர் வாழ்ந்து உழைக்கும் இடத்தை மற்றொருவர் காட்சியாகக் கண்டு இன்புறுவது முறையாகுமா? ஆகுமெனின், எந்நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஆகும்? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினா எழுந்த சூழலைக் கூறாமல் இதனை ஆராய்தல் நேர்மையாகாது. நான் உடப்புசல்லாவைத் தோட்டமொன்றிற் பிறந்தவன். நண்பர்களுடன் வாடகைப் பேருந்தொன்றில் பல்லேகலைக்குச் சென்று, ஹங்குரான்கெத்தை, வலப்பனை, இராகலை வழியாக உடப்புசல்லாவைப் பக்கமும் போய், பின்னர் நுவரெலியாவை அடைவதாக எமது திட்டம் அமைந்தது. அன்று மைதானத்தில் போட்டி எதுவும் இல்லை. வெறுமையான இருக்கைகளையும் புற்றரையையும் பார்த்து எல்லோரும் மகிழ்ந்தோம். எல்லோரும் படம் எடுத்தோம். சில மணிநேரத்தின் பின் உடப்புசல்லாவையை அண்மித்த வளைவொன்றிற் பேருந்து நின்றது. சாலையின் கீழே பெண்கள் நிறை பிடித்துக் கொழுந்து கொய்துகொண்டிருந்தனர். நண்பர்கள் இறங்கி, “எவ்வளவு அழகு!” என வியந்து படம் எடுத்தனர். பெண்ணொருத்தி தலைத்துணியை முன்னிழுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் தாயார் முப்பது ஆண்டுகள் கூடை சுமந்த மலை அது. நான் இருக்கையை விட்டு எழவில்லை. இது என் ஊர் என்று சொல்லவுமில்லை.

நண்பர்கள் தீயோர் அல்லர். காலையில் மைதானத்தில் அவர்கள் செய்ததையே மாலையில் மலையிலும் செய்தனர். காலையில் நானும் அவர்களுள் ஒருவன். அவ்வாறாயின், காலையில் உறுத்தாத ஒன்று மாலையில் உறுத்தியது ஏன்?

மைதானம் காண்பதற்கென்றே அமைக்கப்பட்ட இடம். அங்கு ஆடுபவன் தான் காணப்படுவதை அறிவான்; அதற்கு உடன்பட்டே களத்தில் இறங்குகின்றான். காண்பவனும் ஆடுபவனும் ஒரே விதிகளை அறிந்தவர்கள். காண்பவனுக்கு ஆடுபவனின் பெயர் தெரியும். ஓட்டப் பலகையில் அது எழுதப்பட்டிருக்கும். இவற்றினும் முக்கியமானது, இடம் மாறக்கூடிய தன்மை. இன்று வேலியோரத்தில் நிற்கும் சிறுவன் நாளை களத்தில் நிற்கலாம் என்ற நம்பிக்கையே விளையாட்டின் உயிர்நாடி எனலாம். உடன்பாடு, பெயர், இடமாற்றம் ஆகிய இம்மூன்றும் மைதானத்தில் காண்டலை அறத்துக்கு உட்பட்ட செயலாக்குகின்றன.

தேயிலை மலையில் இம்மூன்றும் இல்லை. கொழுந்து கொய்பவள் காணப்படுவதற்காக அங்கு வரவில்லை. அன்றைய கொழுந்தின் நிறையை எடுத்து முடிக்க வந்தவள். அவளுடைய பெயர் செக்ரோலில் மட்டுமே உண்டு. பேருந்தில் வந்தவனோடு அவள் இடம் மாறிக்கொள்ளல் அரிது. முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் வேலைசெய்ய வந்தவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. டெஸ்ற் போட்டிகளில் 800 விக்கெற்றுகளை வீழ்த்திய பேரனின் பெயரை உலகமே அறியும். மலையில் உழைத்தோரின் பெயரை அறிந்தவர் யார்? ஒரே குடிவழியில், மைதானம் பெயரைத் தந்தது. மலை அதனை மறைத்தது.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். அழகைக் கண்டு மகிழ்தல் எவரையும் துன்புறுத்தாது. மலைச்சரிவின் பசுமையை ரசிப்பவன் எதனையும் அபகரிக்கவில்லை என்பர். ஜேர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட், 1790இல் வெளியிட்ட நூலில், அழகின் இன்பம் பயன் கருதாதது என விளக்கினார். பயன் கருதாத இன்பத்தில் குற்றம் எங்கே உளது?

இம்மறுப்பு வலியது. ஆயினும் அது மலையை இயற்கை எனக் கொள்வதால் எழுவது. உண்மையில் நாம் வியக்கும் அப்பசுமை இயற்கையன்று. தேயிலைச் செடி வெட்டாமல் விடப்பட்டால் மரமாக வளரும். அதனைக் காலந்தோறும் கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்துவதும், மீண்டும் மீண்டும் கொழுந்து கொய்து மட்டமாக்குவதும் தொழிலாளரின் கைகளே. பச்சைக் கம்பளம் என்று எதனைப் புகழ்கின்றோமோ, அது உழைப்பின் தடம். ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துறையில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழிக்கத் தொடங்கியபின் தேயிலை மலையெங்கும் பரவிற்று. அதே காலப்பகுதியில் நுவரெலியாவில் கிரெகரி வாவி 1873இலும், ஹில் கிளப் 1876இலும் தோன்றின. உழைப்பின் மலையும் ஓய்வின் நகரும் ஒரே ஆட்சியின் கீழ் ஒருங்கே வளர்ந்தன. மேலே இருப்பவன் காண்பதும் கீழே இருப்பவன் காணப்படுவதும் அக்கால அமைப்பின் பகுதியாகும். அப்பார்வையை நாம் அறியாமலே மரபுரிமையாகப் பெற்றுள்ளோம்.

தமிழ் மரபு இவ்வகைப் பார்வைக்கு இடந்தரவில்லை என்பது நோக்கற்பாலது. தொல்காப்பியம் கூறும் திணைக் கோட்பாட்டில் நிலம் தனித்து நிற்பதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து உணவும் மரமும் விலங்கும் பறையும் மக்களின் தொழிலும் கருப்பொருள். அவர்களின் அக வாழ்வு உரிப்பொருள். உரிப்பொருளே இம்மூன்றனுள்ளும் தலையாயது எனக் கொள்ளப்பட்டது. மக்களை நீக்கி மலையை மட்டும் கண்டவன், இம்மரபின்படி, மலையையும் கண்டவன் ஆகான்.

உருவத்தை ஏற்று உரியவரை மறுப்பது வெறும் பார்வைக் குறையுடன் நின்றுவிடுவதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என எண்ணிப் பகிர்ந்தது. 1991ஆம் ஆண்டுத் தொடரைச் சேர்ந்த நூறு ரூபாய்த் தாளில் கொழுந்து கொய்யும் பெண்களின் படம் பொறிக்கப்பட்டது. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்ப்பதற்கான சட்டமோ 2003இலேயே நிறைவேறியது. நாட்டின் பணத்தாளில் இடம்பெற்ற உருவத்தை ஒத்தோர் சிலருக்கு அந்நாட்டின் குடிமக்கட் பட்டியலில் இடமில்லாதிருந்தது. காட்சியாக ஏற்பதும் மனிதராக ஏற்பதும் வேறு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சுற்றுலாவால் வருமானம் கிடைக்கின்றதே என்பது இரண்டாவது மறுப்பு. வருமானம் நல்லதே. ஆயின் அது படத்திலுள்ளவரின் கைக்குச் சேர்கின்றதா என்று கேட்கவேண்டும். விடுதியின் சாளரத்திலிருந்து தெரியும் மலைக்கு விருந்தினர் விலை கொடுக்கின்றனர். அம்மலையை மட்டமாக வைத்திருப்பவளுக்குக் கொழுந்தின் நிறைக்கேற்பவே கூலி. காட்சிக்கென அவளுக்குத் தனிக்கூலி இல்லை.

இதற்கு மாறாக, இரக்கமே சரியான பார்வை எனச் சிலர் கருதலாம். லயத்துக் காம்பராவின் ஒழுகும் தகரத்தைப் படம்பிடித்து வருந்துவோர் இவ்வகையினர். இதுவும் குறையுடையதே. அழகின் பொருளாயிருந்தவளை அவலத்தின் பொருளாக மாற்றுவதால் அவள் பொருளாகவே எஞ்சுகின்றாள். தோட்டத்து மக்களும் காண்பவர்களே. ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவின் பூக்களைக் காணவும், சீத்தாஎலியக் கோயிலில் வழிபடவும் அவர்களும் குடும்பத்தோடு செல்கின்றனர். மாலையில் பிரட்டுக்களத்தில் இளைஞர் கிரிக்கெட் ஆடுகின்றனர். முதியோர் கரையில் இருந்து பார்க்கின்றனர். அவர்களைக் காணப்படுவோராக மட்டும் கொள்ளும் எப்பார்வையும், அது வியப்பாயினும் இரக்கமாயினும், பாதிப் பார்வையே.

அவ்வாறாயின் முழுப்பார்வை யாது? இதற்குரிய சொல் நம் மொழியிலேயே உளது. கண்ணோட்டம் என்னும் அச்சொல்லை வள்ளுவர் 58ஆம் அதிகாரத்துக்குத் தலைப்பாக்கினார். அடுத்த அதிகாரம் ஒற்றாடல். முன்னையது உறவு பாராட்டிக் காண்பது. பின்னையது தான் அறியப்படாமல் பிறரை அறிந்துகொள்வது. பேருந்தின் சாளரத்திலிருந்து, பெயர் கேளாமல், உடன்பாடு பெறாமல் எடுக்கும் படம் இவ்விரண்டனுள் எதனை ஒத்தது என்பதைக் கற்றோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எனவே காண்டல் தவறன்று. எதிர்ப்பார்வையை மறுக்கும் காண்டலே தவறு. என்னைப் பார்ப்பவனை நானும் பார்க்கலாம், பேசலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம் என்ற நிலையிற் காட்சி உறவாகின்றது. அந்நிலையை உருவாக்குவது பயணியின் பண்பை மட்டும் சார்ந்ததன்று. கூலியையும் காணியையும் வீட்டையும் கல்வியையும் சார்ந்தது. ஆயினும் பயணி செய்யக்கூடியது ஒன்றுண்டு. படம் எடுக்குமுன் இறங்கிச் சென்று, அனுமதி கேட்டு, பெயரை அறிதல் அது.

அத்துடன், அறிந்தவன் பேசவேண்டிய கடனும் உண்டு. அன்று அவ்வளைவில் நண்பர்கள் அறியாமையால் தவறினர். நான் அறிந்தும் தவறினேன். என் மௌனமே அம்மலையை அவர்களுக்கு வெறும் காட்சியாக விட்டுவைத்தது. திரும்பும் வழியில், பக்கத்திலிருந்த நண்பனிடம் எங்கள் லயம் இருக்கும் திசையைக் காட்டினேன். அவன் சிறிது நேரம் பேசாமலிருந்து, “அம்மாவின் பெயர் என்ன?” என்று கேட்டான். அவ்வொரு கேள்வியை முன்னரே கேட்கச் செய்திருக்கவேண்டியவன் நானே.