கேள்வியும் மறுமொழியும்

பேசுபவர் கேட்பவரை அறியாத நிலையிலும், பேசுபவருடைய மொழியைக் கேட்டுக் கேட்டே ஒருவர் தமதாக்கிக்கொள்ள முடியுமா என்பது, தொலைக்காட்சித் தொடர்களின் வழியே அயல்மொழி கற்கும் பழக்கம் எழுப்பும் அடிப்படையான வினாவாகும். தோல் பதனிடுதலையும் காலணி உற்பத்தியையும் சார்ந்து வாழும் ஆம்பூர் வட்டாரத்தில், சீன மொழியைப் பொறுத்தவரை, இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையில், சீன மொழி வழங்கும் தைவானின் ஃபெங் டே குழுமம் பல ஆண்டுகளாக விளையாட்டுக் காலணிகளை உற்பத்தி செய்துவருகிறது. இராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கத்தில், தைவானைச் சேர்ந்த ஹாங் ஃபூ நிறுவனம் 1,500 கோடி ரூபாய் முதலீட்டில் திட்டமிட்ட காலணி ஆலைக்கு 2024-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மக்கள் வழக்கில் 'ஷூ கம்பெனி' எனப்படும் இத்தகைய ஆலைகளை நம்பி வாழும் ஊர்களில், சீனம் படிக்க விரும்பும் இளைஞர் ஒருவருக்கு ஆசிரியரோ வகுப்போ எளிதில் அமைவதில்லை. கைப்பேசியில் ஓடும் சீனத் தொடரே அவருக்குக் கிட்டும் முதல் ஆசிரியராகிறது.

அந்த ஆசிரியரைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஒரு வட்டாரத்தாரின் பேச்சு மற்றொரு வட்டாரத்தாருக்கு விளங்காத அளவுக்குப் பேச்சு வேறுபாடு மிகுந்தும், எழுத்தால் ஒன்றுபட்டும் இருக்கும் நாடு சீனா ஆகையால், அங்கு உருவாகும் தொடர்களில் பெரும்பாலானவை பேசப்படும் சொற்களையே சீன எழுத்தில் திரையின் அடியில் காட்டுகின்றன. கேட்கும் ஒலியும் பார்க்கும் எழுத்தும் ஒரே நொடியில் இணைவது கற்பவருக்குப் பெருந்துணையாகும். இந்தியாவிலும் திரைப்பாடல்களின் வரிகளை அதே மொழியில் திரையிட்டு எழுத்தறிவை வளர்க்கலாம் என்று, அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பணியாற்றிய பிரிஜ் கோத்தாரி நெடுங்காலமாக வலியுறுத்திவந்துள்ளார். சீனத்தில் அன்றாடப் பயன்பாட்டுக்குரியவை என 2013-இல் சீன அரசு வரையறுத்த முதல்நிலை எழுத்துகளே 3,500 ஆகும். அவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, கோபத்திலும் கெஞ்சலிலும் உறவாடலிலும் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும் வசனங்களாக அறிவது மனத்தில் ஆழமாகப் பதியும். சீன ஒலிகளை உரோமன் எழுத்தில் குறிக்கும் முறையாக 1958-இல் ஏற்கப்பட்ட பின்யின், ஏற்ற இறக்கங்களையும் குறியிட்டுக் காட்டுகிறது. ஆயினும் ஒலியின் ஏற்ற இறக்கம் மாறினாலே பொருள் மாறிவிடும் ஒரு மொழியில், குறியைப் படிப்பது செவியைப் பழக்குவதற்கு ஈடாகாது.

ஆம்பூரின் செவி இதற்கு ஓரளவு பண்பட்டே இருக்கிறது. சீனத்தில் மூச்சோடு ஒலிக்கும் வல்லினத்துக்கும் மூச்சின்றி ஒலிக்கும் வல்லினத்துக்கும் உள்ள வேறுபாடு பொருளையே மாற்றும். தமிழில் இவ்வேறுபாடு இல்லாமையால் தமிழை மட்டும் அறிந்தவர் இதில் இடர்ப்படுவார். ஆனால் உருது அத்தகைய வேறுபாட்டைக் கொண்ட மொழியாதலால், உருதும் தமிழும் அடுத்தடுத்த வீடுகளில் பேசப்படும் இவ்வூரில் வளர்ந்தவருக்கு அது புதிதாக இருக்காது. வடசீனப் பேச்சில் நாவை மேலே வளைத்து ஒலிக்கும் ஓர் ஒலி, தமிழின் ழகரத்துக்கு மிக நெருங்கியது. தந்தைக்கு மூத்தவரையும் இளையவரையும் வெவ்வேறு பெயரால் அழைப்பதும், இரத்த உறவில்லாதவரையும் வயதறிந்து அண்ணன் என்றும் அக்காள் என்றும் விளிப்பதும் சீனத் தொடர்களில் இடையறாது நிகழ்கின்றன. பெரியப்பா, சித்தப்பா என்று பிரித்தறிந்து வளர்ந்த பார்வையாளர் அவற்றின் உட்பொருளை விளக்கமின்றியே உணர்ந்துகொள்வார்.

எனினும் இந்த ஆசிரியருக்கு ஓர் எல்லை உண்டு. அவர் மாணவரைப் பார்ப்பதில்லை. 2003-இல் பாட்ரிசியா குல் என்னும் அமெரிக்க அறிஞரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுள் ஒரு பகுதியினருடன் சீன மொழியினர் நேரில் அமர்ந்து 12 அமர்வுகளில் விளையாடியும் கதைசொல்லியும் பேசினர். வேறு சிலருக்கு அதே பேச்சு திரையில் மட்டும் காட்டப்பட்டது. நேரில் பழகிய குழந்தைகள் சீனத்துக்குரிய ஒலி வேறுபாட்டைப் பகுத்தறிந்தன. திரையை மட்டும் பார்த்த குழந்தைகளிடம் அத்தகைய கற்றல் காணப்படவில்லை. வளர்ந்தவர் குழந்தையினின்றும் வேறுபட்டவர், எழுத்தையும் அகராதியையும் துணைக்கொண்டு திரையிலிருந்தும் கற்கக்கூடியவர் என்பது உண்மையே. ஆனால் அவருக்கும் பேச்சுப் பயிற்சி தேவை என்பதைக் கனடாவில் பிரெஞ்சு வழியில் பயின்ற மாணவர்களை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் 1985-இல் எடுத்துரைத்தார்: பல ஆண்டுகள் கேட்டுப் புரிந்துகொண்ட மாணவர்கள் கூடத் தாமே பேசும்போதும் எழுதும்போதும் தடுமாறினர், ஏனெனில் சொல்லிப் பார்க்கும்போதுதான் தமக்குத் தெரியாதது எது என்பது ஒருவருக்குப் புலப்படுகிறது. எச்.எஸ்.கே. எனப்படும் சீன மொழித் தகுதித் தேர்விலும் பேச்சுக்கான தேர்வு நெடுங்காலம் தனியாகவே நடத்தப்பட்டுவந்தது. புரிந்துகொள்ளும் திறனும் பேசும் திறனும் வேறுவேறு என்பதற்கு அதுவும் ஒரு சான்றாகும்.

இதன் முழுப் பொருளை விளக்கச் சீனத் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற தொடர் ஒன்றே போதும். 1986-இல் சீன மத்தியத் தொலைக்காட்சி ஒளிபரப்பிய 'மேற்கு நோக்கிய பயணம்' என்னும் தொடர், யுவான் சுவாங் என்ற பௌத்தத் துறவியின் இந்தியப் பயணத்தைக் கற்பனை கலந்து சொல்வது. வரலாற்றில் வாழ்ந்த யுவான் சுவாங், ஏறத்தாழ 640-இல், ஆம்பூரைக் கடந்துவரும் அதே பாலாற்றின் சமவெளியில் உள்ள காஞ்சிக்கு வந்ததாக வரலாற்றாசிரியர் கருதுகின்றனர். அவர் நாளந்தாவில் சீலபத்திரரிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டார். பின்னர்க் கன்னோசியில் ஹர்ஷர் கூட்டிய பேரவையில் தம் கருத்தை நிறுவினார். கேட்டதோடு நில்லாமல், மறுத்துரைப்போர் முன் நின்று மறுமொழி கூறியதாலேயே அயலாரின் மொழி அவருக்குச் சிந்திக்கும் மொழியாயிற்று. 1963 முதல் பெய்ஜிங்கிலிருந்து தமிழில் ஒலிபரப்பிவந்த சீன வானொலியின் அறிவிப்பாளர்களும் இவ்வுண்மைக்குச் சான்றாவர். தமிழ்ப் பெயர்களைச் சூட்டிக்கொண்டு பேசிய அச்சீனர்கள், தமிழ்நாட்டு நேயர்களின் கடிதங்களைப் படித்து, அவற்றுக்கு ஒலிபரப்பிலேயே விடை கூறினர். தம் தமிழைத் தமிழர் கேட்டுக்கொண்டிருக்கின்றனர் என்ற உணர்வு அவர்களுக்குத் துணைநின்றது.

ஆகவே தொடர் பார்த்துக் கற்பதில் வாழ்வு பற்றிய ஒரு தேர்வும் அடங்கியிருக்கிறது. கேட்பவர் மட்டுமாக இருக்கும்வரை ஒருவர் பிழை செய்வதில்லை, நகைப்புக்கு ஆளாவதில்லை, எவருக்கும் பொறுப்பேற்பதுமில்லை. அந்தப் பாதுகாப்பே நாளடைவில் அவரைப் பிறரிடமிருந்து விலக்கியும் வைக்கிறது. பேசத் தொடங்குபவரோ தம் குறையை மற்றவர் முன் வைத்து, திருத்தப்படுவதற்கு இசைகிறார். இவ்விசைவே பிறருடைய மொழிக்கு ஒருவர் அளிக்கும் மெய்யான மரியாதை. ஆம்பூரின் தோல் பதனிடும் கூடங்களிலும் கடைத்தெருக்களிலும் தமிழரும் உருது பேசுவோரும் ஒருவர் மொழியை மற்றவர் கற்றதும் இவ்வாறே, இலக்கணம் முற்றும் தெரிந்த பிறகல்ல, அரைகுறைச் சொற்களோடு பேச்சைத் தொடங்கியதாலேயாகும். சீனத் தொடர்கள் செவியைத் திறக்கட்டும், அம்மக்களின் உறவுமுறைகளையும் மனக்கசப்புகளையும் அறிமுகப்படுத்தட்டும். ஆனால் ஆலையில் எதிரே நிற்கும், சீனம் பேசும் தொழில்நுட்பரிடம் முதல் வாக்கியத்தைப் பிழையோடேனும் சொல்லும் நாளை, இன்னும் சில தொடர்கள் முடியட்டும் என்று தள்ளிவைக்காதிருப்பதே கற்பவரின் கடமையாகும்.